ஓட்ஸ் பாலில் ஒரு புதுமனைப் புகுவிழா

புதிதாக ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டவனை ஆறு மாதத்துக்கு எந்த விசேஷத்திலும் சேர்க்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

ஆறு வருடங்களுக்கு முன் எனக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு பொருமினால் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னது அவ்வளவுதான். அதிலிருந்து உலகத்து மாடுகளுக்கெல்லாம் நான் வக்கீலானது என் சொந்த முயற்சி. ஓட்ஸை ஊறவைத்து, மிக்சியில் அரைத்து, துணியில் வடிகட்டி, ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிரக் குடித்தேன். (கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். என்னைக் கண்டாலே ஆபீசில் சிலர் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினார்கள்.)

அந்தச் சமயத்தில்தான் செம்பவாங் வட்டாரத்தில் எங்களுக்குச் சொந்த வீடு கிடைத்தது. அம்மா முப்பது வருடம் வாடகை வீடுகளில் இருந்தவர். சொந்தக்காரர்கள் பால் காய்ச்சும்போதெல்லாம் போய், அது பொங்கி வழிவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, வாடகை வீட்டுக்கே திரும்பி வந்தவர். "ஒரு தடவை நம்ம அடுப்புல பொங்கணும்டா" என்பார். வேறெதையும் அவர் என்னிடம் கேட்டதாக நினைவில்லை.

"ஏங்க, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் மாட்டுப்பால் வச்சுக்கலாமே?" என்றாள் என் மனைவி கவிதா.

"நம்ம வீட்டுல முதல் நாளே கொள்கையை விடறதா?" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரம் ஏழரை வரை. தேக்கா சந்தையில் வாங்கிய புதுப் பானையில் என் கையால் அரைத்த பால். பட்டுப்புடவையில் அம்மா அடுப்பை ஏற்றினார். சுற்றிலும் பதினைந்து பேர் செல்பேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள்.

பால் ஏறவில்லை. நுரை வர வேண்டிய இடத்தில் 'ப்ளக்' என்று ஒரு குமிழி வெடித்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. படம் எடுத்தவர்கள் கை மாற்றிப் பிடித்தார்கள். மார்சிலிங்கிலிருந்து வந்திருந்த மாமா கரண்டியை உள்ளே விட்டார். விட்ட இடத்திலேயே அது செங்குத்தாக நின்றது.

"என்ன மாப்ள, பசை காய்ச்சி வச்சிருக்கே லா!"

ஓட்ஸ் பாலைச் சூடாக்கினால் கஞ்சியாகிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாதமாக ஒரு நாள்கூட அதை நான் சூடாக்கியதில்லை. "தண்ணி ஊத்தினா சரியாயிடும்" என்று ஒரு செம்பு ஊற்றினேன். கஞ்சி கூடியது. அடி பிடித்தது. ஜன்னலைத் திறப்பதற்குள் நல்ல நேரம் முடிந்துவிட்டது.

அம்மா அடுப்பை அணைத்தார். சர்க்கரை போட்டுக் கிளறி, ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தார். "முதல்ல கஞ்சி காய்ச்சியிருக்கோம். இந்த வீட்டுல சாப்பாட்டுக்குக் குறை வராது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தப்பித்தேன் என்று நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். சமையலறையில் அம்மா நின்றுகொண்டிருந்தார், அதே பட்டுப்புடவையில். அடுப்பில் கறி தாளிக்கும் சின்னச் சட்டி. பக்கத்தில் கீழ்க்கடையில் வாங்கிய பால் டப்பா. பால் ஏற்கெனவே விளிம்பைத் தொட்டிருந்தது. நான் பார்க்கும்போதே அடுப்பெல்லாம் வழிந்தது. படம் எடுக்க யாரும் இல்லை. அம்மா கை கூப்பினார்.

திரும்பி என்னைப் பார்த்ததும் தப்பு செய்தவர் மாதிரி, "நீ தூங்கட்டும்னுதான் எழுப்பலைப்பா" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தின நாள் பதினைந்து பேர் சிரித்தபோது வராத வெட்கம்.

நான் இன்னமும் ஓட்ஸ் பால்தான் குடிக்கிறேன். பிரசங்கம் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் சொந்தத்தில் யார் வீடு வாங்கினாலும், "நீ பூ மட்டும் வாங்கிட்டு வா, பால் பக்கம் வராதே லா" என்று எனக்குத் தனியாக ஒரு செய்தி வரும்.

போன மாதம் மார்சிலிங்கில் என் தங்கை வீட்டுப் பால்காய்ச்சு. பூவைக் கொடுத்துவிட்டுக் கதவோரமாக நின்றேன். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார்.

"அன்னைக்கு என் பின்னால நின்னு பாதிதானே பார்த்தே. இன்னைக்கு முழுசாப் பாரு" என்றார்.

பால் ஏறத் தொடங்கியது. அது வழிந்து முடியும்வரை அவர் என் கையை விடவில்லை.