அசைவு உதவியாளர் நியமனம்

மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு மரியாதை எவ்வளவு என்பதை நான் அனுபவத்தில் அறிந்தவன். மாமனார் என்னோடு நேரில் பேசுவதையே நிறுத்திவிட்டார், "அவர் சாப்பிட்டாச்சா?" என்று என் எதிரிலேயே என் மனைவியிடம் கேட்பார். ஆகவே, மாணவர்கள் பார்த்து வரைவதற்கு அசையாமல் உட்கார ஆள் தேவை, சம்பளம் உண்டு என்று ஓவியக் கல்லூரி அறிவித்தபோது, மனைவியே என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள்.

"உங்களுக்குன்னே வந்த வேலைங்க. வீட்ல சும்மா செய்யறதை அங்க போய்ச் செய்யப் போறீங்க."

அரைக்கால்சட்டையோடு முக்காலியில் உட்கார்ந்தேன். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட விரட்டவில்லை. ஓவிய ஆசிரியர் பூரித்துப் போனார். மாதம் முடிந்தது, சம்பளம் மட்டும் வரவில்லை. கணக்கு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன்.

"நீங்க ஒரு நாள்கூட வேலைக்கு வரலையே" என்றார்.

"தினமும் வந்தேன் சார். செவுரு முழுக்க என் படம்தான் இருக்கு."

"படம் செல்லாது. வகுப்புல நவீன வருகைப் பதிவுக் கேமரா வெச்சிருக்கோம். அசைவு இருந்தாத்தான் ஆள் இருக்குன்னு அது ஒத்துக்கும்."

"அசைஞ்சா வாத்தியார் என்னைத் தூக்கிடுவார் சார்!"

"அது கல்விப் பிரிவு. நான் நிதிப் பிரிவு."

மறுநாள் சம்பளத்தை நினைத்துக் கொஞ்சம் கை ஆட்டினேன். மாணவர்கள் வரைந்த படங்களில் எனக்கு மூன்று கைகள் இருந்தன. ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். விவகாரம் மேலிடத்துக்குப் போய், குழு அமைக்கப்பட்டு, ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் ஆணை பிறந்தது: உட்கார்ந்திருப்பவரின் சார்பில் பக்கத்தில் நின்று கையாட்ட 'அசைவு உதவியாளர்' ஒருவர் நியமிக்கப்படுவார். நிரந்தரப் பணி. ஓய்வூதியம் உண்டு.

நான் மானஸ்தன்தான். ஆனால் ஓய்வூதியம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு முக்காலியில் உட்கார மனம் வரவில்லை. அந்தப் பதவிக்கு மனுப் போட்டேன். முன் அனுபவம் கருதி எனக்கே கொடுத்தார்கள்.

முக்காலி காலியானது. "அதுல வேற ஆளை உட்கார வைங்க சார்" என்று ஆசிரியர் கெஞ்சினார்.

"எதுக்கு? பக்கத்துல கையாட்டுறதால, கேமராக் கணக்குல உட்கார்றவர் தினமும் வர்றாரே! காலியிடமே இல்லை" என்றார் கணக்கு அதிகாரி.

பாடம் நிற்கக் கூடாதல்லவா? மாணவர்கள் எதிரே இருந்ததை வரைந்தார்கள். ஆண்டுக் கண்காட்சியில் 'அமர்ந்திருக்கும் மனிதன்' என்ற பெயரில் வெறும் முக்காலி முதல் பரிசு வாங்கியது. "என்ன ஒரு முகபாவம்!" என்று கல்லூரி முதல்வர் உருகினார். பார்க்க வந்தவர்கள் கலை தெரிந்தவர்கள் ஆகையால் அவர்களும் உருகினார்கள்.

மாமனாரும் வந்திருந்தார். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். கண் கலங்க என் தோளைத் தட்டினார்.

"மாப்பிள்ளே, அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கு!"