குல்நாரும் ஐந்து கேள்விக்குறிகளும்

ஒரு காட்டில், மிருகங்களுக்கு என்ன தோன்றியதோ, வேட்டையைக் குறைத்துக்கொண்டு இணையதளம் நடத்திவந்தன. மழைக்கு முன் யாருக்கு எந்தக் குகை என்பதும் அதில்தான் வரும். திரையில் இருக்கும் பெயரைக் குகை கேட்டவர் தன் வாயால் சொல்ல வேண்டும்; சொன்னால்தான் அதிகாரி தேனப்பக் கரடி உள்ளே விடுவார்.

பாரசீகப் பூனை குல்நாருக்கு நிறைமாதம். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. தன் பெயரைப் பிறந்த ஊர் எழுத்திலேயே பதிந்திருந்தாள், பாவம். திரையில் வந்ததோ ஐந்து கேள்விக்குறி!

“உங்க பேரு என்னம்மா?” என்றார் கரடி.

“குல்நார் ஐயா.”

“இங்க அப்படி இல்லையே. அடுத்த ஆள்!”

பதறிப்போய், இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் குரங்கு கிளைமுத்துவிடம் ஓடினாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். “டேட்டாபேஸ்ல உங்க பேரு முத்து முத்தா இருக்குக்கா. பக்கத்துக்கு வர்ற வழியிலதான் கெட்டுப்போகுது. நம்மது பழைய தமிழ் ஃபான்ட் காலத்து ஏற்பாடு, எல்லா ஊர் எழுத்தும் காட்டுற யூனிகோடுக்கு மாத்தணும். இதோ பண்ணிடுறேன்.”

கிளைமுத்துவின் ‘இதோ’ எவ்வளவு நீளம் என்று காட்டுக்கே தெரியும். தூறல் விழுந்துவிட்டது. குல்நாருக்கு அழுகையே வந்தது. கரடிக்கும் கல்நெஞ்சு இல்லை. “பேரை மாத்திக்கிட்டு வாங்களேன், கெஜட்ல வந்தாப் போதும்,” என்றார். அந்தக் காட்டில் கெஜட் என்பது காகம். அது மரத்துக்கு மரம் போய்க் கத்தியது: “குல்நார் இனிமேல் ஐந்துகேள்விக்குறி!”

“பேரு?”

“ஐந்துகேள்விக்குறி.”

“உள்ள போங்கம்மா, மகராசியா இருங்க.”

அன்றைக்கே நாலு குட்டி பிறந்தன.

குட்டிகள் கண் திறந்த நேரம் பார்த்துக் கிளைமுத்து வந்தான், பல்லெல்லாம் தெரிய. “அக்கா, சரி பண்ணிட்டேன்! வந்து பாருங்க!” திரையில் வலமிருந்து இடமாக, ஒரு புள்ளி பிசகாமல், அவள் பெயர். குல்நாருக்கு மனசு நிறைந்துவிட்டது. காடே கேட்க “குல்நார்!” என்று வாசித்தாள்.

கரடி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “அப்படின்னா குகை குல்நாருக்கு. நீங்க ஐந்துகேள்விக்குறி ஆச்சே? குட்டிகளைத் தூக்குங்கம்மா.”

“ஐயோ, மறுபடி பேரை மாத்திக்கிறேன் ஐயா!”

“காகம் மழைக்கு ஒதுங்கிடுச்சு. வெயில் வந்தாத்தான் கெஜட்.”

வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியது. குல்நார் கிளைமுத்துவின் வாலைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். பழையபடி கெடுத்துக் கொடுப்பா!”

“அதுக்கென்னக்கா,” என்றான் அவன். சரிசெய்யத்தான் அவனுக்கு நாளாகும், கெடுப்பதில் படுகெட்டிக்காரன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்து கேள்விக்குறியும் வந்து உட்கார்ந்தன. கரடி கும்பிட்டு வழிவிட்டார்.

நீதி: கெட்டுப்போன இணையதளத்தை அவசரப்பட்டுச் சரிசெய்யாதீர்கள், உள்ளே யாராவது குடியிருக்கலாம்.