பன்னீர்ச் சொம்பும் இரண்டு வழுக்கைத் தலைகளும்

செம்பாக்கம்,
26-2-1989, ஞாயிற்றுக்கிழமை.

பீர்க்கன்கரணை ஸ்ரீமான் லக்ஷ்மிநாராயணன் அவர்களுக்கு, செம்பாக்கம் கஸ்தூரிரங்கன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவி சுந்தரவல்லியும் பெண் ரமாவும் திருநீர்மலைப் பெருமாள் கிருபையால் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் மாமியும் சிரஞ்சீவி வேங்கடவரதனும் சௌக்கியமா என்று அறிய ஆவல். இது வழக்கத்துக்காக எழுதுகிற ஆவல் இல்லை, மூன்று வாரமாக ஒரு கார்டு கூட வராததால் நிஜமாகவே ஏற்பட்ட ஆவல். முதல் வரியில் தங்கள் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை மையால் அடித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘சம்பந்தி’ என்று எழுதிவிட்டேன். அப்படி எழுத நான் யார் என்று பிறகு தோன்றியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இன்னும் படிக்கலாம்.

சென்ற ஐந்தாம் தேதி ஞாயிறன்று தாங்கள் குடும்பத்தோடு வந்து ரமாவைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, ஆத்துக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்றீர்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு இந்த வாக்கியத்தின் அர்த்தம் நன்றாகவே தெரியும், உங்களுக்கு முன்னால் ஐந்து பேர் இதே வாசலில் இதே செருப்பை மாட்டிக்கொண்டு இதையேதான் சொன்னார்கள். ஆனால் அந்த ஐந்து பேரில் யாரும் கேசரியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை. தாங்கள் சாப்பிட்டீர்கள். வேங்கடவரதன் கொல்லைப்பக்கம் துளசிமாடத்துக்கு அருகில் நின்று ரமாவோடு பத்து நிமிஷம் பேசினான், சிரிப்புச் சத்தம் கூடக் கேட்டது, ஜாதகமும் ஒன்பது பொருத்தம். அப்படியிருக்கப் பதில் ஏன் வரவில்லை? முப்பத்தோரு வருஷம் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, நாலு நட்டு குறைந்தால் எந்தப் பாக்கெட்டில் போயிற்று என்று கண்டுபிடித்தே பழகியவன் நான். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறேன். குறையாக நினைக்கக் கூடாது. அந்த இடம் தங்கள் தலை.

இந்த வரனைச் சொன்ன பாலாம்பாள் டீச்சர் அன்றைக்கே ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னார். “மாமா, மத்ததெல்லாம் நீங்க எப்படியும் சமாளிச்சுடுவேள். வேளச்சேரியில ஒரு பொண்ணு பார்க்கப் போன இடத்துல, பிள்ளையோட அப்பா, தலையில கொசு கடிச்சுதுன்னு பாதிக் காப்பியில எழுந்து வந்துட்டாராம். அவர் தலையில மட்டும் கொசு உக்காராம பார்த்துக்கோங்கோ” என்றார். எங்கள் வீடு ஏரிக்கரையிலிருந்து மூன்றாவது வீடு. கூடவே தங்களிடமிருந்து, ஞாயிறு ராகு காலம் நாலரை முதல் ஆறு, ஆகையால் சரியாக ஆறு மணிக்கு வருகிறோம் என்று செய்தி. செம்பாக்கத்தில் ஆறு மணி என்பது கொசுக்களின் முகூர்த்தம். தெரிந்தேதான் அந்த நேரத்தை வைத்தீர்களோ என்று அப்போதே எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை.

பெருமாள் புண்ணியத்தில் எனக்கும் தலையில் ஒன்றும் கிடையாது. ஆகவே தாங்கள் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னாலிருந்து, தங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்த ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் தினமும் ஆறிலிருந்து ஏழு வரை நான் உட்கார, பின்னால் சுந்தரவல்லி விசிறியோடு நின்று என் தலையில் உட்காரும் கொசுவை எண்ணுவதும் அடிப்பதுமாகப் பரீட்சை நடந்தது. கொசுவர்த்திச் சுருள் ஏற்றினோம். கொசு கொஞ்சம் குறைந்தது, ஆனால் சுந்தரவல்லி விடாமல் இரும ஆரம்பித்தாள். பெண்ணின் தாயார் இப்படி இருமினால் யாருக்கும் வேறு விதமாகத்தானே சந்தேகம் வரும் என்று அதை நிறுத்தினேன். வேப்பெண்ணெய் தடவினேன். மறுநாள் தாம்பரம் பஸ்ஸில் பதினோரு பேர் நின்றுகொண்டு வந்தார்கள், என் பக்கத்து சீட் கடைசி வரை காலி. டியூபில் வரும் களிம்பு நன்றாகவே வேலை செய்தது, மங்கி குல்லாவும் செய்தது, ஆனால் பெண் பார்க்க வந்தவரைப் பிடித்து உட்கார வைத்துத் தலையில் களிம்பு தடவிக் குல்லா மாட்டுவது எப்படி? டேபிள் ஃபேனைத் தலைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் தினமும் ஆறு நாற்பதுக்கு கரண்ட் போய்விடுகிறது. யார் யாரோடு சேர்ந்து செய்கிற ஏற்பாடு இது என்று எனக்கு ஒரு அனுமானம் உண்டு, கடிதத்தில் எழுதுவதற்கில்லை. இந்தப் பரீட்சையில்தான் ஜன்னல் வலையில், நாற்காலிக்கு நேர் மேலே, கட்டைவிரல் அளவு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தேன். பஞ்சு வைத்து அடைத்தேன். தாங்கள் வந்த அன்று பார்த்து அது விழுந்து தொலைத்தது. அப்புறம் அந்த வாரம் தபாலில் வந்து கிடந்த ஒரு இன்லண்டு லெட்டரை நாலாக மடித்துச் செருகிவிட்டேன், அனுப்பியவர் பேரே போடாத இன்லண்டு. இதை இருபத்தொரு பேருக்கு எழுதி அனுப்பாவிட்டால் ரத்தம் கக்குவாய் என்று மொட்டைக் கடிதம் இரண்டு முறை வந்ததிலிருந்து, பேர் போடாத எதையும் நான் பிரிப்பதில்லை. பிரித்தால்தானே ரத்தம் கக்க வேண்டும்.

பக்கத்து மனையில் தனக்கோடியம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். இந்த ஊர்ப் பூர்வீகம், நாலு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறாள். அவள் தொழுவத்தில் புகைமூட்டம் போடும் நேரமும் எங்கள் கூடத்தில் கொசு நுழையும் நேரமும் ஒன்றாக இருப்பதை நோட்டுப் புத்தகத்தில் பத்து நாள் குறித்து, சுவர் வழியாக அவளிடம் காட்டினேன். அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. “இன்னா அய்யரே, கொசு இன்னா என் வூட்டு எருமையா, அவுத்து வுட்டா உன் வூட்டுக்கு வர்றதுக்கு? ஏரி கீது, கொசுவும் கீது. நொச்சித் தழைய இடிச்சி சாறு எடுத்து மண்டைல பூசிக்கினு சும்மா குந்து” என்று சொல்லி ஒரு கட்டுத் தழையையும் சுவர் மேல் வைத்தாள். நான் ஐயங்கார் என்று அவளிடம் பலமுறை சொல்லியாயிற்று. சந்தேகத்தோடுதான் பூசினேன். நொச்சிச் சாற்றில் கொஞ்சம் பச்சைக் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுப் பூசிக்கொண்ட அன்று, ஒரு மணி நேரத்தில் வந்தது ஒரே ஒரு கொசு, அதுவும் உட்காராமல் போய்விட்டது. அந்தச் சாற்றைப் பழைய வேஷ்டியில் மூன்று தரம் வடிகட்டி, எங்கள் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிப் பன்னீர்ச் சொம்பில் ஊற்றி வைத்தேன்.

இப்போது தங்களுக்குப் புரிந்திருக்கும். வாசலிலேயே நான் தங்கள் தலையில் பன்னீர் தெளித்தபோது, “என்ன ஸ்வாமி, இன்னிக்கே கல்யாணமா?” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். காப்பி வந்தபோது மறுபடி தெளித்தேன், ரமா சேவித்து எழுந்தபோது மறுபடி. மூன்றாம் தரம் தாங்கள் கைக்குட்டையால் தலையைத் துடைத்தபடி, இது செம்பாக்கத்து வழக்கமா என்று கேட்டீர்கள், ஆமாம் என்றேன். அது பொய். அது பன்னீரும் இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தலை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மருந்து படாத தலைக்குத்தான் கொசு வரும் என்று, அன்று என் தலையை சோப்புப் போட்டுக் கழுவிச் சும்மா வைத்துக்கொண்டு தங்களை ஒட்டி உட்கார்ந்தேன். வந்தது. பதினேழு கடி. அடித்தால் கொசு இருப்பது தெரிந்துவிடும் என்று அடிக்கவில்லை. ரமா பாடும்போது எனக்குக் கண் கலங்கியதைப் பார்த்து மாமி, பெண் மேல் இத்தனை பாசமா என்றார்கள். பாசம்தான், ஆனால் அந்த நேரத்துக் கண்ணீர் காது மடலுக்கு மேலே கடித்ததற்கானது.

அப்புறம் ஆறு நாற்பதுக்கு வழக்கம்போல் கரண்ட் போயிற்று. அந்த இருட்டில் ‘பட்’ என்று ஒரு சத்தம். விரிந்த கை வழுக்கைத் தலையில் விழுகிற சத்தம் எனக்குப் பன்னிரண்டு நாள் பழக்கம், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. என் தலையில் விழவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த வழுக்கைத் தலை மொத்தம் இரண்டு. ரமா சிம்னி விளக்கைக் கொண்டுவந்தபோது உட்கார்ந்திருந்த எல்லோர் கையும் அவரவர் மடியில் இருந்தது, தாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஐந்தே நிமிஷத்தில் கிளம்பிவிட்டீர்கள்.

நம் இருவர் நாற்காலிக்கும் பின்னால் விசிறியோடு நின்றவள் சுந்தரவல்லி. பன்னிரண்டு நாளாக என் தலையில் அடித்து அடித்துக் கை பழகியவள். இருட்டில் தலை மாறிவிட்டது என்பது என் முடிவு. தாங்கள் ஆட்டோ ஏறியதுமே விசாரித்தேன். அவள் நான் யாரையும் அடிக்கவில்லை என்றாள். பழக்க தோஷத்தில் கை போயிருக்கும், ஒப்புக்கொள் என்றேன். “நான் அடிக்கணும்னா முப்பது வருஷம் முன்னாலேயே அடிச்சிருப்பேன். இந்தத் தலை எதுன்னு எனக்கு இருட்டுலயும் தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சமையல் உள்ளே போனாள். அதிலிருந்து காப்பி மேஜைக்கு வருகிறது, வார்த்தை வருவதில்லை. நாற்காலியில் ஒரு பரங்கிக்காயை வைத்து, விளக்கை அணைத்து, அவள் நின்ற இடத்திலிருந்து நானே அடித்துக்கூடப் பார்த்தேன். சத்தம் ஒத்துவரவில்லை. அதற்காகச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இதையெல்லாம் நேரில் வந்து சொல்லலாம், ஒரு பஸ் தூரம்தான். நான் போகக் கூடாது என்கிறாள் ரமா. பாலாம்பாள் டீச்சரோ தன் பெண்ணின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருக்கிறார். ரமாவுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. முந்தின ஐந்து பேர் எழுதாமல் விட்டபோது அவள் அதைப் பற்றி நினைத்ததாகவே தெரியவில்லை. இந்தத் தடவை தபால்காரர் மணி கேட்டால் கொடியில் காயாத துணியை எடுக்க வாசலுக்குப் போகிறாள். வியாழக்கிழமை என்னிடம் வந்து, “அப்பா, பதில் வரலேன்னா விட்டுடுங்கோ. நீங்களா எழுதிக் கேக்காதீங்கோ” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், தேய்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். அவள் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். அன்று தங்கள் தலையில் விழுந்த கை யாருடையதாக இருந்தாலும் குற்றம் என்னுடையது. தாங்கள் ஒரு நாள் வந்து, எல்லோர் முன்னாலும், வெளிச்சத்தில், என் தலையில் அதேபோல் ஒன்று போட்டுவிட்டுப் போங்கள். ஒரு கொசுவுக்காக என் பெண்ணை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மாமிக்கு நமஸ்காரம். சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம், எங்கே வேலை பார்த்தாலும் எவரை மணந்தாலும் நூறு வயசு நன்றாக இருக்கட்டும். சம்மதமானாலும் இல்லாவிட்டாலும் ஒரு வரி போடவும். நாளைக் காலை முதல் தபாலில் இதைச் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
கஸ்தூரிரங்கன்

பி.கு.: மணி இப்போது இரண்டரை. மேலே கையெழுத்துப் போட்டு முடித்த சமயம், ஒட்டடை அடிக்க ஸ்டூல் மேல் ஏறிய ரமா ஜன்னல் வலையிலிருந்து அந்த இன்லண்டை உருவினாள். பார்த்த மாத்திரத்தில் “அப்பா, இது அவர் எழுத்து” என்றாள். எவர் எழுத்து, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குள் அவள் இன்லண்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அன்று துளசிமாடத்தருகே வேங்கடவரதன் ஏதோ விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று சந்தேகிக்கிறேன், அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். தபால் முத்திரை ஏழாம் தேதி. மேல் விலாசத்தைப் பிள்ளை எழுதி, அனுப்புநர் பேரை மறந்திருக்கிறான். உள்ளே எழுதியிருப்பது தாங்கள். இருட்டில் கொசு கடித்ததும் தம்மையறியாமல் தங்கள் தலையில் தாங்களே ஒன்று போட்டுக்கொண்டதாகவும், பெண் பார்க்க வந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டுவிட்டோமே, பெண் வீட்டார் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று வெட்கப்பட்டு உடனே கிளம்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, இருபத்தாறாம் தேதி ஞாயிறு ராகு காலம் கழித்து ஆறு மணிக்குத் தட்டு மாற்றிக்கொள்ள வருகிறோம், சௌகரியப்படாவிட்டால் மட்டும் பதில் போடவும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றைத் தவிர வேறு கொசு கிட்டே வரவில்லை, அந்தப் பன்னீர் எந்தக் கடையில் கிடைக்கும், பீர்க்கன்கரணையில் கொசு தாங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இருபத்தாறு என்பது இன்றைக்கு. ரமா ஸ்டூலிலிருந்து இறங்காமல் மேலேயே உட்கார்ந்து அழுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். கடிதத்தை சுந்தரவல்லிக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். பிறகு கிட்டே வந்து என் உச்சந்தலையில் ‘பட்’ என்று ஒன்று வைத்து, “நான் அடிச்சா சத்தம் இப்படி இருக்கும். தெரிஞ்சுக்கோங்கோ” என்று சொல்லிவிட்டுக் கேசரிக்கு ரவை வறுக்கப் போனாள். வேறு சத்தம்தான். தனக்கோடியம்மாளிடம் நொச்சித் தழைக்குச் சொல்லியாயிற்று. சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தாயிற்று. ஜன்னல் ஓட்டை மட்டும் திறந்து கிடக்கிறது, ரமா அந்த இன்லண்டைத் தரமாட்டேன் என்கிறாள். ஆகையால் முதல் வரியில் அடித்த சொல்லை அதன் தலைக்கு மேலேயே மறுபடி எழுதிவிட்டு, இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் எட்டாக மடித்து அந்த ஓட்டையில் செருகப் போகிறேன். ஆறு மணிக்குத் தங்களுக்கு நேர் மேலேதான் இருக்கும். தயவு செய்து நிமிர்ந்து பார்க்க வேண்டாம், சம்பந்தி.