பதிவேட்டுக்குப் பின்னால் ஒரு கொலை

"இன்னொரு தடவை அந்தத் தடிப் புத்தகத்தை மேஜையில பாத்தேன்னா, நீ வேற வேலை தேடிக்க," என்றார் பல் டாக்டர். "அதைப் பாத்ததுமே, ரொம்ப நேரம் காத்திருக்கணும் போலன்னு வர்றவங்க திரும்பிப் போயிடறாங்க."

வரவேற்பு மேஜையில் இருந்தவள் தலையாட்டினாள். நாவலில் நானூறாம் பக்கம். கொலை செய்தவன் யாரென்று தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மின்நூல் ரீடர் வாங்கு," என்றான் கணவன். "கண்டதை வாங்காதே. உனக்கு என்ன வேணும்னு முதல்ல எழுது."

எழுதினாள். மேஜையில் நிமிர்த்தி வைத்திருக்கும் நோயாளிகள் பதிவேட்டுக்குப் பின்னால் அது மறைய வேண்டும். கண்ணாடி இல்லாமல் படிக்க முடிய வேண்டும். படிக்க மட்டுமே போடும் கண்ணாடி அது; போட்டாலே டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

ஒத்திகைக்குக் கணவனின் டேப்லெட்டை எடுத்துப் போனாள்.

"முகம் ஏன் நீலமா இருக்கு?" என்றார் டாக்டர். "வீட்டுக்குப் போய்ப் படு."

பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது: முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு ரீடர் வந்தது. காகிதம் போன்ற திரை. ஆனால் அவள் கண்ணுக்கு ஏற்ற எழுத்தில், பக்கத்துக்கு ஐந்து வரிதான். ஓயாமல் தட்டினாள்.

"விரல்ல என்ன நடுக்கம்?" என்றார் டாக்டர். "நரம்பு டாக்டரைப் பாரு."

அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கினாள். அது பதிவேட்டுக்கு மேல் நாலு விரல் எட்டிப் பார்த்தது. டாக்டர் அறையிலிருந்து தெரியாதபடி, பக்கத்தில் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து படித்தாள். அடுத்த பக்கத்துக்குத் தட்டினாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் பெஞ்சில் கன்னத்தைத் தாங்கியிருந்த பெரியவர். "நான் இன்னும் கடைசி வரிக்கு வரலை."

ஒரு வாரத்தில் பெஞ்சில் இடமில்லை. பெயரைக் கூப்பிட்டால் யாரும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்களேன்."

"ஐயையோ, நீங்கதான் முதல்ல வந்தீங்க."

"சும்மா இருங்க ரெண்டு பேரும். இப்பதான் சமையல்காரன் பொய் சொல்றான்."

டாக்டர் வெளியே வந்தார். நேராக வந்து ரீடரைக் கையில் எடுத்தார். வேலை போயிற்று என்று அவள் கைப்பையைத் தேடினாள்.

டாக்டர் பெஞ்சைப் பார்த்தார். ரீடரைப் பார்த்தார்.

"முன்னெல்லாம் உள்ளே டிரில் சத்தம் கேட்டதும் பாதிப் பேர் வாசல்ல நிப்பாங்க. இப்ப ஒருத்தரும் அசையலை."

மேஜையிலிருந்த பெரிய பிளாஸ்டிக் பல்லை எடுத்துக் கீழே வைத்தார். அந்த இடத்தில் ரீடரை நிறுத்தினார்.

"தைரியமாப் படி. எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

அவள் எல்லோரும் பார்க்கக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் பெரியவரிடம் குனிந்தார். "ஐயா, ஒரு வாரமாக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. வாங்க, முதல்ல உங்க பல்லைப் பாத்துடலாம்."

பெரியவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்து காட்டினார்.

"பல்லெல்லாம் கொட்டிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு டாக்டர். நீ பக்கத்தைத் திருப்பும்மா."