கைப்பூட்டுச் சித்தர்

அம்பாசமுத்திரத்துக்கு வெளியே, ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமையானால் அதன் முன்னால் நிற்கும் வண்டிகளைப் பார்த்து, உள்ளே சட்டசபை நடக்கிறது என்றே நினைக்கத் தோன்றும். அவ்வளவு கார், அவ்வளவு வேன், அவ்வளவு படித்தவர்கள். நடந்ததோ கைப்பூட்டுச் சித்தரின் தரிசனம். கல்யாணப் பூட்டு, வழக்குப் பூட்டு, விசாப் பூட்டு என்று மனிதனுக்கு உள்ள சகல பூட்டும் உள்ளங்கையில்தான் தொங்குகிறதாம். சித்தர் தொட்டால் திறக்குமாம். ஒருமுறை அவர் தும்மியதில் தென்காசி வரை உள்ள இரும்புப் பெட்டிகளெல்லாம் வாயைப் பிளந்ததாகவும், இரண்டு வங்கிகள் கதவைச் சாத்த முடியாமல் தவித்ததாகவும் பேச்சு. எந்த வங்கி என்று கேட்டவர்கள் நம்பிக்கை இல்லாதவர்கள்.

அந்தக் கூட்டத்தில் குமரகுருபரன் சாரும் நின்றார். பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியர். அவர் குரோமோசோம் பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சுகூடத் தூங்காது. அவருடைய மகள் வேணிக்கு நாலு வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. ஒவ்வொரு செல்லிலும் இருபத்தொன்றாவது குரோமோசோம் ஒன்று கூடுதல். அதை மாற்ற மருந்து கிடையாது. பயிற்சியும் பொறுமையும்தான் வழி. இதை டாக்டர் சொன்னபோது, டாக்டருக்கே திருப்பி விளக்கியவர் சார்.

அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் நாக்கை மடக்கச் சொல்லிக்கொடுப்பார். ஒரு அம்மா அழுதால் இன்னொரு அம்மா டீ போடுவாள். நல்ல சங்கம். ஒரே ஒரு குறை, யாரையும் தனியாக விடமாட்டார்கள். கிணற்றில் விழுவதென்றாலும் சேர்ந்துதான் விழுவார்கள்.

சித்தரை முதல்முறை பார்த்ததும் சாருக்கு ஆசிரியர் வியாதி வந்துவிட்டது. விளக்க ஆரம்பித்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பல பிள்ளைகளுக்கு உள்ளங்கையின் குறுக்கே இரண்டு கோடுகளுக்குப் பதில் ஒரே கோடு ஓடும் என்பதை, வேணியின் கையை விரித்துப் பாடமே நடத்தினார். இருபத்தொன்று, கூடுதல் ஒன்று, எல்லாம் சொன்னார். சித்தர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"இருபத்தொண்ணாம் கட்டத்துல ஒண்ணு கூடுதலா நிக்கி. அதான் ரேகை ஒண்ணாப் பூட்டிக்கிட்டு."

சாருக்குப் புல்லரித்தது. "அனு, எப்படிக் கண்டுபிடிச்சாரு பாத்தியா!"

"இப்பத்தான நீங்க சொன்னிய" என்றாள் மனைவி அனுராதா.

"நான் சொன்னது அறிவியல். அவரு சொல்லுதது ஞானம்."

சிகிச்சை எளிது. எண்ணெயில் நனைத்த கறுப்புக் கயிற்றை உள்ளங்கைக்குக் குறுக்கே வைத்து, விரல்களை மடக்கி, சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் இரண்டாவது ரேகை! சாயங்காலம் அது மறைந்துவிட்டால், உள்ளே வேர் விடுகிறது என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு மறுபடியும் காணிக்கையோடு வர வேண்டும். ஒரே ஒரு பத்தியம், இங்கிலீஷ் மாத்திரை கூடாது. கொடுத்தால் பூட்டு துருப்பிடித்துவிடும்.

வேணிக்குத் தைராய்டு குறைவு. தினமும் காலையில் ஒரு மாத்திரை. அனுராதா சண்டை போட்டாள். சார் மாத்திரை அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டுத் திறக்கும் வைத்தியத்தின் முதல் பலன் ஒரு புதுப் பூட்டு.

செய்தி பரவி, சங்கமே வேன் பிடித்தது. "எங்க வீட்ல தெரிஞ்சா ஏசுவாவ" என்று சங்கத்தில் ஒருத்தியான பாத்து முதலில் தயங்கினாள். "ஆனா நீங்கள்லாம் போகையில எம்புள்ள மட்டும் ஒத்த ரேகையோட நிக்கணுமா?" அவளும் ஏறினாள்.

ஏறாதவள் பெர்சிஸ் ஒருத்திதான். தபால் ஆபீசில் வேலை. அவள் மகன் ஜெய்சனும் வேணியும் மாடியில் பாட்டுப் போட்டால் போட்டி போட்டு ஆடுவார்கள். ஒரு சனிக்கிழமை பாட்டு ஓடியது, ஜெய்சன் ஆடினான், வேணி வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியளா, என்னா அடக்கம்!" என்று சார் பூரித்தார். "ரேகை வேல செய்யுது."

பெர்சிஸ் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். வறண்டு சில்லிட்டிருந்தது. "மாத்திரை குடுக்கியளா அண்ணாச்சி?"

சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"இது அடக்கமில்ல. பிள்ள அணைஞ்சிக்கிட்டு வருது. வாங்க, இப்பமே டாக்டர்ட்ட போவோம்."

"சித்தர் சொல்லட்டும். அப்பம் குடுக்கேன்."

"சரி, விடியட்டும். நானும் வாரேன், அவர்ட்டயே கேப்போம்."

மறுநாள் வேனில் பெர்சிஸ் சாருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். "இடது கையக் கொஞ்சம் விரியுங்க" என்று போனில் படம் பிடித்தாள். தன் கைராசி அவள்வரை தெரிந்திருக்கிறதே என்று சார் பெருமைப்பட்டார். அனுராதா கையில் கர்ச்சீப் சுற்றியிருந்தது. அரிவாள்மனை பட்டிருக்கும் என்று நினைத்தார், கேட்கவில்லை. கணவர் அல்லவா.

கொட்டகையில் பெர்சிஸ் பவ்வியமாகப் போனை நீட்டினாள். "சாமி, இந்தப் பிள்ளையத் தூக்கிட்டு வர முடியல. கைய மட்டும் படம் எடுத்தேன்."

சித்தர் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஒத்த ரேகை. பெரும் பூட்டு தாயி! பள்ளிக்கூட வாசலத் தாண்டாது. ஆரு என்ன சொன்னாலும் தலையாட்டும். பிள்ளைக்கு என்ன வயசு?"

"நாப்பது இருக்கும் சாமி. அந்தா நிக்காரு. எம்.எஸ்ஸி., பி.எட்."

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. சார் தன் இடது கையைப் பார்த்தார். குறுக்கே, ரயில் தண்டவாளம் போல, ஒரே கோடு. ஒன்றும் இல்லாதவர்களுக்கும் இப்படிக் கோடு இருப்பதுண்டு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவர் அவர். எழுதியது வலது கை. இடது கை சும்மாதான் இருந்தது, அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டாதவர் என்பதும் சரிதான். ஐந்து வயதில் உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை. தலையாட்டியதற்குச் சாட்சி ஒரு வேன் நிறைய. சித்தர் அதுவரை சொன்னதில் பலித்தது இது ஒன்றுதான்.

சித்தர் சுதாரித்தார். "சாருக்கும் பூட்டுதான் வே! தொறந்தா ஹெட்மாஸ்டர் ஆயிருவாரு!"

உண்மையைச் சொன்னால், சாரின் கை ஒரு விரற்கடை நீண்டது. ஆசை யாரை விட்டது?

அதற்குள் அனுராதா கர்ச்சீப்பை அவிழ்த்து, கூட்டத்துக்கு உள்ளங்கையைக் காட்டினாள். இரண்டு கோடுகளுக்கு நடுவே புத்தம்புதிதாக மூன்றாவது!

"எண்ணெய் இல்ல, மந்திரம் இல்ல. வீட்லேர்ந்து பூக்கட்டுத நார வச்சி இறுக்கிக் கெட்டிக்கிட்டு வந்தேன். எனக்கு எந்தப் பூட்டுங்க தொறந்திருக்கு?"

பாத்து அங்கேயே நாலைந்து ரப்பர் வளையங்களைக் கையில் மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கழற்றியபோது அவள் கை வீரவநல்லூர்ச் சேலை மாதிரி கோடு கோடாக இருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பயந்து கும்பிடுகிற கூட்டத்தைச் சித்தருக்குச் சமாளிக்கத் தெரியும். சிரிக்கிற கூட்டத்துக்கு அவரிடம் கயிறு இல்லை. ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கமாகப் போனார். மோட்டார் சைக்கிளில் முழுக்குப் போட்டவர் தாமிரபரணிச் சரித்திரத்திலேயே அவர் ஒருவர்தான்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "என்ன சார் படிச்சிருக்கிய?" என்று கேட்டார். முதன்முதலாகச் சார் எதையும் விளக்கவில்லை. மாத்திரை மறுபடி தொடங்கியது. பிள்ளைக்கு உயிர் திரும்பக் கொஞ்ச காலம் பிடித்தது. அந்த நாட்களில் சார் தூங்காமல் அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு காலை, அவருடைய ஷூவுக்குள் காபியை ஊற்றிவிட்டு வேணி கைதட்டிச் சிரித்தாள். ஈர ஷூவோடு பள்ளிக்கூடம் போனவர் அன்று முழுக்க வழியில் கண்டவர்களிடமெல்லாம் அதையே காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒருவர் நெற்றிப் பூட்டுத் திறக்கிறாராம். கூட்டம் தாங்கவில்லையாம். பட்டதாரிகளுக்குத் தனி வரிசையாம். தாராளமாகப் போய் வாருங்கள். மூளைக்கு விடுமுறை விடுவது பெரியவர்களின் சொந்த விருப்பம். பிள்ளையின் மாத்திரைக்கு மட்டும் விடுமுறை விடாதீர்கள்.