நரைத்தால் ஓய்வு

ஒரு காட்டில் சாவே நின்றுபோயிற்று. கரடி வைத்தியர் கிண்டிய லேகியத்தைக் காலையும் மாலையும் நக்கிவிட்டு எல்லா விலங்குகளும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தன.

ஊருக்கே கொண்டாட்டம். துரைக்கண்ணு என்ற முயலுக்கு மட்டும் இல்லை. பஞ்சுப்பொதி மாதிரி வெள்ளையாக இருக்கும் துரைக்கண்ணுதான் தன் வளையில் முதல் பட்டதாரி. எழுத்தர் தேர்விலும் தேறி, எழுத்தர் பட்டியலில் பெயரும் ஏறிவிட்டது. ஆனால் அந்த நாற்காலியில் ஆமை அம்பலவாணர் நூற்று நாற்பது வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

முன்பெல்லாம் யாராவது செத்தால் இடம் காலியாகும். அந்த வழி அடைபட்டதால் சிங்கராஜா சட்டம் போட்டார்: ‘ரோமம் நரைத்தால் ஓய்வு.’ குரங்கு போயிற்று. நரி போயிற்று. ஆமைக்கு ரோமமே கிடையாது.

“ஆர்டர் வந்துச்சாடா?” என்று அம்மா தினமும் கேட்டாள். பொறுக்க முடியாமல் துரைக்கண்ணு ஆமையிடமே போயிற்று.

“ஐயா, நீங்க எப்போ ஓய்வு பெறுவீங்க?”

“நரைச்ச அன்னிக்கே, தம்பி. சட்டம்னா சட்டம்தான்.” ஆமை தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

துரைக்கண்ணு நான்கு முறை அடித்துத் திருத்தி ராஜாவுக்கு ஒரு மனு எழுதியது: ‘எழுத்தர் பட்டியலில் உள்ள ஒருவரையும் விடாமல் சோதிக்க வேண்டுகிறேன்.’

பூதக்கண்ணாடியோடு மயில் அதிகாரி வந்தார். ஆமையைச் சுற்றி வந்து பார்த்தார்.

“நரை இல்லை. பணியில் தொடரலாம். அடுத்தது யாரு? துரைக்கண்ணுவா? அடடா, காதிலிருந்து வால் வரைக்கும் நரை!”

“மேடம், நான் பிறந்ததிலிருந்தே வெள்ளைங்க!”

“அப்போ பிறந்த தேதியிலிருந்தே ஓய்வுன்னு போட்டுக்கறேன்.”

“நான் இன்னும் வேலையிலேயே சேரலைங்களே!”

“சேர்ந்திருந்தா இன்னிக்குக் கிளம்பணுமில்லையா? ஒரு அலைச்சல் மிச்சம்.”

ஆயுள் முழுக்க தினம் இரண்டு கிழங்கு ஓய்வூதியம் என்று உத்தரவாயிற்று. லேகியம் இருக்கும்வரை ஆயுளுக்கும் முடிவில்லை. அந்த உத்தரவை நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்த ஆமை, பிரிவுபசார மாலையையும் போட்டார்.

“நல்லா ஓய்வெடுங்க, தம்பி. உங்க வயசுல நான் முட்டையைவிட்டே வெளிய வரலை.”

துரைக்கண்ணு மாலையும் கழுத்துமாக வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நம்ம வளையில முதல் பட்டதாரியும் நீதான், ஓய்வு வாங்கின முதல் ஆளும் நீதான்டா ராசா!”

நீதி: எல்லோரும் நெடுநாள் வாழும் காட்டில், படித்து முன்னேறுவதைவிட வழுக்கையாகப் பிறப்பது மேல்.