நனையாத கையும் பூஜ்யம் காட்டிய பிளக்கும்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒருமுறைதான் முட்டாளாக இருந்திருக்கிறேன். அது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால் மணியிலிருந்து பத்தரை மணி வரை. மிச்ச நாளெல்லாம் நான் கெட்டிக்காரன்தான். (என் மனைவி பஞ்சவர்ணம் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. நேரத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டச் சொல்கிறாள்.)

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டது. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். வெறுங்கையோடு திருப்பாலைக்குடிக் கடற்கரைக்கு வந்து, உயிர்ச் சிங்கி இறால் வியாபாரத்தில் மாவட்டமே பெயர் சொல்லும்படி உயர்ந்தேன். (மாவட்டம் என்றால் தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை.) எந்த ஊர்த் தராசாக இருந்தாலும் என் சொந்த எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் ஒரு கிலோ சரக்கு வாங்கியதில்லை. என்னை ஏமாற்ற இன்னொருவன் பிறந்து வரவேண்டும் என்று மேடையில்லாமலேயே பேசுவேன்.

சிங்கி உயிரோடு இருந்தால்தான் சிங்கி. செத்தால் அது வெறும் ஓடு. அதனால் என் ஷெட்டில் பெரிய சிமெண்டுத் தொட்டி கட்டி, கடல்தண்ணீர் நிரப்பி, ஒரு சின்ன மோட்டாரால் ஓயாமல் காற்று ஊதிக்கொண்டே இருப்போம். காற்று நின்றால் கொஞ்ச நேரத்திலேயே அவை ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏற ஆரம்பித்துவிடும். அப்புறம் சாயும். ஆகவே மோட்டாரைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஓர் ஆள் உண்டு. பல வருஷமாக அந்த ஆள் என் மச்சினன் முத்துராசா.

அந்த வெள்ளிக்கிழமை வந்த வருஷம்தான் ஒரு பிளக்கை வாங்கினேன். போனில் விளம்பரம் வந்தது. சுவரில் இருக்கும் பாயிண்டில் இதைச் சொருகி, இதற்குள் மோட்டாரைச் சொருகிவிட்டால், எத்தனை வாட் கரண்ட் ஓடுகிறது என்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் போனில் பார்க்கலாம். போனிலேயே அணைக்கலாம், போடலாம். மலிவோ மலிவு. ஒன்றின் விலைக்கு இரண்டு.

என் மகள் கயல்விழி ராமநாதபுரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்சார லேபில் வேலை பார்க்கிறாள். அவள் இரண்டு பிளக்கையும் எடுத்து, ஒரே குண்டுபல்பை மாற்றி மாற்றிச் சொருகினாள். அறுபது வாட் பல்பு அது. ஒன்று எழுபத்தொன்று என்றது. மற்றது நாற்பத்தெட்டு என்றது.

“அய்யா, ரெண்டுமே தப்பு” என்றாள்.

“ரெண்டையும் கூட்டிப் பாதி பண்ணிக்கிருவோம்” என்றேன்.

“சின்ன மோட்டாரா இருந்தா சில நேரம் இது தூங்கிப் போயிருது அய்யா. ஓடும்போதே பூஜ்யம் காட்டுது. ஊர்த் தராசையெல்லாம் கல்லு வச்சுச் சோதிக்கிறீக, இத மட்டும் கண்ண மூடிக்கிட்டு நம்புறீக.”

தராசு மனுசன் பிடிப்பது, அதில் பொய் இருக்கும். இது மிஷின், இதற்குப் பொய் சொல்லி என்ன லாபம் என்று விளக்கினேன். அவள் பல்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் முப்பத்தொன்று காட்டும், ஒருநாள் ஐம்பத்திரண்டு காட்டும். ஐம்பத்திரண்டு காட்டினால் மோட்டார் இன்றைக்கு உற்சாகமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவேன். போன் கடைக்காரரிடம் என் போனைக் கொடுத்து, வாட் பூஜ்யத்துக்கு இறங்கினால் ஆம்புலன்ஸ் சத்தம் போடும்படி செய்துகொண்டேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

கயல் அதுவரை எத்தனையோ மாப்பிள்ளைகளின் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தவள். ஆர்.எஸ்.மங்கலத்துப் பையன் ஒருத்தனுக்கு மட்டும் தலையாட்டினாள். வயல்காட்டுக் குடும்பம், எங்கள் சொந்தத்திலேயே தூரத்து வழி. பையனுக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அத்தை ராக்காயிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. “கடல் யாவாரம் பண்றவுக, நேரங்காலம் பாக்க மாட்டாக” என்று சொன்னதாகக் காதுக்கு வந்தது. அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது.

அன்று நாங்கள் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கப் போகிறோம். எங்கள் பக்கம் அதுதான் முடிவு. பெண்ணைப் பெற்றவர்கள் அந்த வீட்டு இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. நனைக்காமல் எழுந்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நனைத்தாக வேண்டும்.

வேலைக்குக் கிளம்பும்போது கயல் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, “அய்யா, அங்கன ஒண்ணும் பேச வேணாம். சாப்பிட்டுட்டு வாங்க, அது போதும்” என்றாள். சொல்லிவிட்டு, சரியாக இருந்த காலரை இன்னொரு முறை சரிசெய்தாள். அதை நான் கவனித்தேன். கவனித்தும் என்ன செய்தேன் தெரியுமா? பிளக் இருக்கும் தைரியத்தில், காவலுக்கு இருக்க வேண்டிய முத்துராசாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

பத்து மணிக்கெல்லாம் இலை போட்டுவிட்டார்கள். கேசரி, பொங்கல், வடை. நானும் முத்துராசாவும் உட்கார்ந்தோம். பஞ்சவர்ணமும் மற்றப் பெண்களும் உள்கூடத்தில். ராக்காயி கேசரிப் பாத்திரத்தோடு என் எதிரே நின்று, “கைய நனைங்க மச்சான்” என்றார்.

நனைத்திருக்கலாம். ஒரு விரல் போதும். ஆனால் பக்கத்தில் சம்பந்தி அய்யாக்கண்ணு, “கடல் யாவாரத்த விட்டுட்டு இம்புட்டு நேரம் வந்துருக்கீகளே, அங்கன யாரு பாக்குறா?” என்று கேட்டுவிட்டார். சும்மா மரியாதைக்குக் கேட்டது. எனக்கு அது போதாதா?

போனை எடுத்து நீட்டினேன். “பாருங்க, நாப்பத்திநாலு வாட்டு. இங்கன உக்காந்து அங்கன நடக்குறத அளக்குறேன்.”

“எங்க வயக்காட்டு மோட்டாருக்கும் இது தாங்குமா?”

“அஞ்சு எச்.பி.க்கும் தாங்கும்” என்றேன். (தாங்காது. புகைந்துவிடும். பிறகு தெரிந்துகொண்டேன்.)

“மச்சான், கை” என்றார் ராக்காயி மறுபடியும். சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால்.

அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ் வந்தது.

என் போனுக்குள்தான் வந்தது. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். பூஜ்யம். தொட்டி நிறையச் சிங்கி, சாயங்காலம் வண்டி ஏற வேண்டியது. ஷெட்டில் ஆள் இல்லை. ஆள் என் பக்கத்து இலையில் வடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எழுந்துவிட்டேன்.

எழுந்ததும்தான் எல்லோரும் வாசலை விட்டுவிட்டு என் இலையைப் பார்த்தார்கள். முத்துராசா என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தான். “அத்தான், இல... அத்தான்...” நான் வேட்டியை உருவிக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் காதர் பாய்க்குப் போன் போட்டேன். என் ஷெட்டுக்குப் பக்கத்தில் போட் என்ஜின் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். ஐஸ் மிஷின் சத்தத்தில் கெட்டுப்போன காது எனக்கு. போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஊருக்கும் கேட்கும்.

“பாய், ஷெட்டுக்கு ஓடுங்க! மோட்டாரு நின்னுருச்சு!”

“இந்தா போறேன். பூட்டிக் கெடக்கேண்ணே, சாவி?”

“இடுப்புல இருக்கு!”

“யாரு இடுப்புல?”

“என் இடுப்புலதான்!”

“அது ஆர்.எஸ்.மங்கலத்துலல்ல இருக்கும்?”

“ஒடைங்க பாய்!”

சுத்தியல் சத்தம் நாலு முறை கேட்டது. நல்ல காரியம் நடக்கும் வீட்டின் முற்றத்தில் நின்றுகொண்டு நான் தொண்டை கிழியக் கத்தினேன்: “செத்துருச்சா பாய்? எத்தன செத்துச்சு? எல்லாம் போச்சா?”

உள்கூடத்தில் ஒரு பாத்திரம் விழுந்தது. “ஆத்தாடி, யாரு?” என்று ஒரு பெண் குரல் ஒப்பாரிக்குத் தயாரானது. மணி பத்து இருபத்தொன்று.

“ஒண்ணுஞ் சாகலண்ணே. மோட்டாரு ஓடுது.”

“ஓடல பாய்.”

“மூஞ்சிக்கு முன்னாடி ஓடுது. தொட்டிக்குள்ள பொகு பொகுன்னு காத்து வருது.”

“நல்லாப் பாருங்க. இங்கன பூஜ்யம் காட்டுது.”

“மோட்டாரு மேல கைய வச்சுருக்கேண்ணே. சூடா இருக்கு, ஆடுது.”

“அது பழைய சூடா இருக்கும்.”

“பழைய ஆட்டமாண்ணே?”

எனக்குக் கோபம் வந்தது. கல்லு வைத்து நிறுக்கத் தெரிந்தவன் நான், எனக்கே சொல்கிறாரா? மோட்டார் நின்றுதான் இருக்கிறது, அதை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்து, போனில் இருந்த வட்டத்தை அழுத்தினேன். அளக்கத் தெரியாத அந்த பிளக், அணைக்க மட்டும் சுத்தமாக அணைத்தது.

“அண்ணே! இப்ப நின்னுருச்சு!”

“பாத்தீகளா! நான் அப்பவே சொன்னேன்ல!” என்று வெற்றியோடு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். யாரும் சேர்ந்து சந்தோஷப்படவில்லை. சம்பந்தி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி வட்டத்தை அழுத்தினேன். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டவர் போய்விட்டது. பாயின் குரலும் அறுந்தது. போனைத் தூக்கிக்கொண்டு தொழுவம் பக்கம் ஓடினேன், கிணற்றடிக்கு ஓடினேன், வைக்கோல் படப்பு மேல் ஒரு காலை வைத்தேன். என் சிங்கிகளை நானே மூச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன்! மணி பத்து இருபத்தாறு.

அப்போது மாப்பிள்ளைப் பையன் தன் போனைக் காதில் வைத்தபடி வந்தான். “மாமா, எறங்குங்க. கயல்ட்டப் பேசுனேன். அது பாய்ட்டப் பேசிருச்சு. பிளக்கப் பிடுங்கிட்டு மோட்டார நேராச் சொவத்துல சொருகச் சொல்லிருச்சு.” (அவளுடைய நம்பர் இவனிடம் எப்படி என்று கேட்க அன்று எனக்கு வாய் இல்லை.) “அப்புறம்...”

“அப்புறம்?”

“உங்கள இலைல போய் உக்காரச் சொல்லுது.”

படப்பிலிருந்து இறங்கி ஓடினேன். கூடத்து வாசலில் ராக்காயி நின்றார்.

“சம்பந்தம் பேச வந்தீகளா மச்சான், சிங்கி விக்க வந்தீகளா?”

“இல்ல, இந்த பிளக்கு...”

“நல்ல காரியத்துல செத்துச்சு, போச்சுன்னு ஒரு சொல்லு. அதக்கூடப் பொறுத்துக்கிரலாம். கை நனைக்காம எந்திரிச்சுட்டீக. எந்திரிச்ச எலைல திருப்பி உக்கார்ற வழக்கம் எங்க வீட்டுல இல்ல.” பிறகு தம்பியைப் பார்த்து, “அய்யாக்கண்ணு, எலைய எடுக்கச் சொல்லவா?” என்றார்.

சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தெட்டு. பையன் தரையைப் பார்த்தான். என் காலரைச் சரிசெய்த விரல்கள் என் கழுத்தில் இருப்பது போலவே இருந்தது. அப்படி ஒரு பயத்தை நான் கடலிலும் பட்டதில்லை. வாய் மட்டும் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக.

ஒரு பெண் குனிந்து என் இலையின் நுனியைப் பிடித்தாள்.

“எலைய எடுக்காதீக” என்றபடி உள்கூடத்திலிருந்து பஞ்சவர்ணம் வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்கள் பந்தியில், என் இலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். கேசரியில் ஐந்து விரலையும் அழுத்தி, ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டாள். அது போதாதென்று வடையையும் பிய்த்தாள்.

“அவரு போனு சொன்னதக் கேட்டு எந்திரிச்சாரு. நான் எம்மக சொன்னதக் கேட்டு உக்காந்துட்டேன். பெத்தவ கை நனைஞ்சுருச்சு அக்கா. மணியப் பாத்துக்கங்க.”

பத்து இருபத்தொன்பது.

அவள் மென்று விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது, இந்தக் காதுக்கே. அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த போனுக்கு டவர் வந்து மணி அடித்தது. எடுத்ததும் பாய் ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் பேசினார்: “அண்ணே, மோட்டாரு ஓடுது. நான் சொன்னா நம்புவீகளா, இல்ல போனப் பாத்துட்டுச் சொல்றீகளா?”

முதலில் சிரித்தது ராக்காயிதான். சிரித்துவிட்டதற்காக அவருக்கே கோபம் வந்து, வாயைச் சேலையால் பொத்திப் பார்த்தார், அடங்கவில்லை. சம்பந்தி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “தங்கச்சிக்கு இன்னொரு வடை வைங்கக்கா” என்றார்.

அன்று ஒரு சிங்கிகூடச் சாகவில்லை. ஷெட்டுக் கதவுதான் செத்தது. நான் மட்டும் அந்த வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் திரும்பினேன். எழுந்த இலையில் உட்கார எனக்கு அனுமதி இல்லை, வேறு இலை போடவும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கல்யாணம் முடிந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் சொந்தத்தில் எங்கே சம்பந்தம் பேசப் போனாலும் இலையில் உட்காருவது பஞ்சவர்ணம்தான். நான் வண்டிக்குள் இருப்பேன். மகள் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், நான் இலைக்கு முன் உட்கார்ந்ததும் ராக்காயி கையை நீட்டுவார். போனைக் கொடுக்க வேண்டும். அது அரிசி டிரம்முக்குள் போகும். மோர் சோறு முடிந்தபின்தான் வெளியே வரும்.

போன மாதம் ராக்காயிக்கு முட்டிவலி, எழுந்து வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்து உட்கார்ந்தேன். இன்னும் ஒழுங்காகப் பேச்சு வராத என் பேத்தி தத்தித் தத்தி வந்து, இலைக்கு எதிரே நின்று, உள்ளங்கையை நீட்டினாள்.

“தாத்தா, போனு.”